முதலில் ஏடு, பிறகு எஞ்சின்

பழைய கார் வாங்குவதற்குத் தமிழ்நாட்டில் ஒரு பொது வழிமுறை உண்டு. தெரிந்த மெக்கானிக் ஒருவரைக் கூட்டிச் செல்ல வேண்டும். அவர் பானட்டைத் திறந்து பார்த்து, ஒரு சுற்று ஓட்டிவிட்டு, "வண்டி நல்லா இருக்கு" என்று சொல்ல வேண்டும். விற்பவர் கையில் அசல் ஆர்.சி. (பதிவுச் சான்று அட்டை) இருக்க வேண்டும், இன்சூரன்ஸ் 'கரண்ட்' ஆக இருக்க வேண்டும். இவ்வளவும் அமைந்தால் முன்பணம் கொடுத்துவிடலாம், மீதிக் காகித வேலையைப் புரோக்கர் பார்த்துக்கொள்வார். பதிவேட்டைத் தோண்டுவதும், கடன் கொடுத்த நிறுவனத்தை விசாரிப்பதும், அரசுக் கட்டணத்தைக் கணக்குப் போடுவதும் அளவுமீறிச் சந்தேகப்படுகிறவர்களின் வேலை என்றே பலரும் கருதுகிறார்கள்.

இந்த வழிமுறையில் மெக்கானிக்கை அழைப்பது பிழையல்ல. அவரை முதலில் அழைப்பதும், அவர் சொல்லோடு விசாரணையை முடித்துக்கொள்வதும்தான் பிழை. எஞ்சினில் எவ்வளவு பெரிய கோளாறு இருந்தாலும் அதன் செலவுக்கு ஓர் எல்லை உண்டு. எஞ்சினையே மாற்றினாலும் தொகை இவ்வளவு என்று முன்கூட்டிச் சொல்லிவிடலாம். ஆவணக் கோளாறுக்கு அந்த எல்லை இல்லை. திருட்டு வண்டி என்று தெரிந்தால் போவது முழு விலை; கடன் தீராத வண்டி என்றால் போவது வண்டி; இன்சூரன்ஸ் செல்லாத நிலையில் விபத்து நேர்ந்தால் போவது வீடு வாசல்வரை நீளலாம். சிறிய இழப்பைத் தடுக்க நிபுணரை அழைத்து, பெரிய இழப்பைப் புரோக்கரின் வாய்ச்சொல்லுக்கு விட்டுவிடுவதைத்தான் அனுபவ அறிவு என்று சொல்லிக்கொள்கிறார்கள். அரை சென்ட் நிலம் வாங்குவதற்கும் வில்லங்கச் சான்று போட்டுப் பார்க்கும் குடும்பம், அதே அளவு பணம் போகும் காருக்கு டயரை உதைத்துப் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்கிறது.

பொதுக்கருத்தின் முதல் தூண், ஆர்.சி. யார் கையில் இருக்கிறதோ அவரே உரிமையாளர் என்ற நம்பிக்கை. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 2(30) பிரிவு உரிமையாளர் என்று சொல்வது, எவர் பெயரில் வாகனம் பதிவாகியிருக்கிறதோ அவரை. அட்டை என்பது அந்தப் பதிவின் நகல் மட்டுமே. பதிவு இருக்கும் இடம் 'வாகன்' தரவுத்தளம். அட்டை அச்சான நாளுக்குப் பிறகு அந்த வண்டிமீது கடன் பதிவாகியிருக்கலாம், காவல்துறை தடை போட்டிருக்கலாம், வரி நிலுவை ஏறியிருக்கலாம். இவற்றில் எதையும் கையிலுள்ள பழைய அட்டை காட்டாது. போலி அட்டை அச்சடிப்பவர்களுக்கும் பஞ்சமில்லை.

இதற்கான மாற்று கடினமானதுமல்ல. பரிவாகன் இணையதளத்திலோ எம்பரிவாகன் செயலியிலோ வண்டி எண்ணைக் கொடுத்தால் பதிவு நாள், எரிபொருள் வகை, எத்தனையாவது உரிமையாளர், இன்சூரன்ஸ் முடியும் நாள், கடன் கொடுத்த நிறுவனம் போன்ற விவரங்கள் கிடைக்கின்றன. உரிமையாளர் பெயரின் சில எழுத்துகள் மறைக்கப்பட்டிருந்தாலும், விற்பவரின் ஆதாரோடு ஒப்பிட எஞ்சிய எழுத்துகள் போதும். 'சிங்கிள் ஓனர்' என்று விளம்பரம் செய்த வண்டி பதிவேட்டில் மூன்றாவது கையாக இருந்தால், மெக்கானிக்கை அழைக்கும் செலவே மிச்சம்.

திரையில் தெரிவதை வண்டியின் உடலோடு ஒப்பிடுவது அடுத்த வேலை. சேஸிஸ் எண் 17 எழுத்தும் எண்ணும் கொண்டது. அதன் முதல் மூன்று எழுத்துகள் தயாரித்த நிறுவனத்தைக் குறிப்பவை: மாருதிக்கு எம்ஏ3, இந்தியாவில் தயாராகும் ஹூண்டாய்க்கு எம்ஏஎல், டாட்டாவுக்கு எம்ஏடி. தகட்டில் வெட்டி ஒட்டிய வெல்டிங் தடமோ, எழுத்தின் ஆழத்தில் வேறுபாடோ தெரிந்தால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். சேஸிஸ் எண் பொருந்தி எஞ்சின் எண் மட்டும் பொருந்தாவிட்டால் எஞ்சின் மாற்றப்பட்டிருக்கிறது என்று பொருள். அதையும், பின்னால் பொருத்திய எல்.பி.ஜி. அல்லது சி.என்.ஜி. கிட்டையும் சட்டத்தின் 52ஆவது பிரிவுப்படி ஆர்.சி.யில் ஏற்றியிருக்க வேண்டும். ஏற்றாத மாற்றம் இன்சூரன்ஸ் கோரிக்கையின்போதுதான் பெரும்பாலும் வெளியே வரும்.

நல்லெண்ணத்தோடு முழு விலை கொடுத்து வாங்கியவரைச் சட்டம் காப்பாற்றும் என்றும் ஒரு நம்பிக்கை உண்டு. 1930ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தின் 27ஆவது பிரிவு இதற்கு நேர் எதிரானது: விற்பவருக்கு இல்லாத உரிமை, சில விதிவிலக்குகள் நீங்கலாக, வாங்குபவருக்கு வராது. திருடப்பட்ட கார் எத்தனை கை மாறினாலும் உண்மையான உரிமையாளரையோ, அவருக்கு இழப்பீடு கொடுத்த இன்சூரன்ஸ் நிறுவனத்தையோதான் சேரும். வாங்கியவருக்கு எஞ்சுவது விற்றவரைத் தேடும் வேலை. திருட்டுப் பொருளென்று நம்பக் காரணம் இருந்தும் வாங்கினால் அது குற்றம் என்கிறது 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 317ஆவது பிரிவு. சந்தை விலையைவிட வெகு குறைவாக, காகிதம் எதையும் கேட்காமல் வாங்கியவர் தமக்கு அப்படிக் காரணம் எதுவும் தெரியவில்லை என்று சொல்வது எடுபடாது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகம், திருட்டு வாகனப் பதிவோடு வண்டியை ஒப்பிட்டுப் பார்த்துத் தடையின்மைச் சான்று (என்.ஓ.சி.) எடுக்கும் வசதியை இணையத்திலேயே தருகிறது.

இரண்டாவது தூண், "டியூ எல்லாம் கட்டி முடிஞ்சுது" என்ற வாக்குறுதி. கடனில் வாங்கிய காரின் ஆர்.சி.யில் கடன் கொடுத்த நிறுவனத்தின் பெயர் ஏறியிருக்கும். கடைசித் தவணை கட்டியதும் அந்தப் பெயர் தானாக நீங்கிவிடாது. நிறுவனம் தடையின்மைச் சான்றும் 35ஆம் எண் படிவமும் தர வேண்டும், அவற்றை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கொடுத்து எச்.பி. எனப்படும் அந்தக் கடன் பதிவை ரத்து செய்ய வேண்டும். அதுவரை, நிறுவனத்தின் சம்மதம் இல்லாமல் பெயர் மாற்றத்தைப் பதிவு செய்ய மோட்டார் வாகனச் சட்டத்தின் 51ஆவது பிரிவு இடம் தருவதில்லை. கார்க் கடன் முடிந்தாலும், அதே வங்கியில் விற்பவருக்கு உள்ள வேறொரு கடனைக் காட்டிச் சான்று தராமல் நிறுத்திவைப்பதும் நடைமுறையில் உண்டு. ஆகவே தவணை முடிந்ததற்கான ரசீது போதாது. என்.ஓ.சி. கையில் வர வேண்டும். அதையும் அந்த நிறுவனத்தின் கிளையில் கேட்டு உறுதிசெய்ய வேண்டும். கடன் எஞ்சியிருந்தால் அந்தத் தொகையை விற்பவர் கையில் கொடுக்காமல் நேரே கடன் கணக்கில் செலுத்துவதே பாதுகாப்பு. மெக்கானிக் எவ்வளவு கெட்டிக்காரரானாலும் இதில் ஒன்றையும் பானட்டுக்கு அடியில் கண்டுபிடிக்க முடியாது.

மூன்றாவது தூண்தான் மிகவும் பரவியது: 29, 30ஆம் எண் படிவங்களில் விற்பவரின் கையெழுத்தை வாங்கி வைத்துக்கொண்டால் பெயர் மாற்றத்தைச் சாவகாசமாகச் செய்துகொள்ளலாம் என்பது. சட்டத்தின் 50ஆவது பிரிவு இதற்குக் காலக்கெடு வைத்திருக்கிறது. அதே மாநிலத்துக்குள் விற்றால் விற்பவர் 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். வாங்குபவர் 30 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். கையெழுத்திட்ட வெற்றுப் படிவத்தோடு வண்டி நான்கு வியாபாரிகளிடம் கை மாறுவது, இடையிலிருக்கும் எவர் பெயரும் பதிவேட்டில் வராமல் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடே தவிர வாங்குபவருக்கான வசதி அல்ல.

இதன் விளைவை உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரியில் நவீன்குமார் எதிர் விஜய்குமார் வழக்கில் தெளிவாக்கியது. 2007இல் விற்கப்பட்ட கார் அடுத்தடுத்துப் பல கைகளுக்குப் போயிற்று. பதிவில் மட்டும் பெயர் மாறவே இல்லை. 2009இல் அந்தக் கார் விபத்துக்குள்ளாகி உயிரிழப்பு நேர்ந்தது. இழப்பீட்டுப் பொறுப்பு, காரை எப்போதோ விற்றுவிட்ட முதல் உரிமையாளர்மீதே விழுந்தது. பதிவில் யார் பெயர் உள்ளதோ அவரே சட்டப்படி உரிமையாளர் என்பது தீர்ப்பின் சாரம்.

இதைக் கேட்டதும் சிலர், அப்படியானால் பெயர் மாற்றாமலிருப்பது வாங்கியவருக்கு லாபம்தானே என்று வாதிடுவார்கள். இந்த வாதம் பாதி தூரம்தான் நடக்கும். உரிமையாளர் அவரல்ல என்றால் வண்டி திருடுபோனாலும், சேதமானாலும் இழப்பீடு கேட்கும் உரிமையும் அவருக்கில்லை. பதிவேட்டில் பெயருள்ளவர் கடனாளியானாலோ, வழக்கில் சிக்கினாலோ, அவருடைய சொத்து என்ற வகையில் வண்டி முடக்கப்படலாம். அவர் இறந்துவிட்டால் கையெழுத்திட்ட படிவத்தை வைத்துக்கொண்டு வாரிசுகள் ஒவ்வொருவரிடமும் நடக்க வேண்டியதுதான். இணையவழி விண்ணப்பத்தில் பதிவிலுள்ள செல்பேசிக்கு ஓ.டி.பி. போகும் இந்நாளில், ஆளில்லாத கையெழுத்துக்குப் பழைய மதிப்பும் இல்லை.

நான்காவது தூண், 'இன்சூரன்ஸ் கரண்ட்'. கண்ணாடியில் ஒட்டியிருக்கும் பாலிசி யார் பெயரில் இருக்கிறது என்பதை எவரும் கேட்பதில்லை. வாகனம் கை மாறும்போது பாலிசியும் மாறியதாகவே கருதப்படும் என்று சட்டத்தின் 157ஆவது பிரிவு சொல்வது உண்மை. ஆனால் அந்தப் பாதுகாப்பு மூன்றாம் நபருக்கான இழப்பீட்டோடு நின்றுவிடுகிறது. சொந்த வண்டிக்கான சேதத்துக்கு அது பொருந்தாது என்று கம்ப்ளீட் இன்சுலேஷன்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1990களிலேயே தீர்த்துவிட்டது. வாங்கியவர் 14 நாளுக்குள் இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கு விண்ணப்பித்துப் பாலிசியைத் தம் பெயருக்கு மாற்ற வேண்டும். மாற்றாத நிலையில் மரத்தில் மோதி நொறுங்கிய காருக்கு, 'கரண்ட்' பாலிசி ஒரு ரூபாயும் தராமல் போகலாம்.

இதில் மறைந்திருக்கும் ஒரு செலவும் உண்டு. கிளெய்ம் இல்லாத ஆண்டுகளுக்கான 'நோ கிளெய்ம் போனஸ்' 20 விழுக்காட்டில் தொடங்கி 50 விழுக்காடுவரை ஏறும். அது வண்டிக்கு உரியதல்ல, ஆளுக்கு உரியது. விற்பவர் 50 விழுக்காடு தள்ளுபடியில் எடுத்த பாலிசியை வாங்குபவர் தம் பெயருக்கு மாற்றும்போது, எஞ்சிய காலத்துக்கான தள்ளுபடித் தொகையைக் கட்டியாக வேண்டும். பாலிசியில் அச்சாகியிருக்கும் அந்த விழுக்காட்டுக்கு வேறொரு பயனும் உண்டு: 50 விழுக்காடு என்றால் சில ஆண்டுகளாகக் கிளெய்ம் கேட்கவில்லை, சுழி என்றால் ஏன் என்று கேட்பதற்கு இடமிருக்கிறது.

மெக்கானிக்கின் சொந்தக் களமான கிலோமீட்டரிலும் விபத்துச் சேதத்திலும்கூட, ஏடு இல்லாத கண்ணால் அதிக தூரம் போக முடியாது. டிஜிட்டல் மீட்டரைப் பின்னுக்கு இழுப்பது கடையில் அமர்ந்து செய்யும் வேலையாகிவிட்டது. பிரிட்டனில் பெரும்பாலும் 3 ஆண்டு கடந்த காருக்கு ஆண்டுதோறும் எம்.ஓ.டி. சோதனை உண்டு, அப்போது பதிவாகும் மீட்டர் அளவை எவரும் இலவசமாக இணையத்தில் பார்க்கலாம். இந்தியாவில் சொந்தக் காரின் பதிவு 15 ஆண்டுக்குச் செல்லும். அதுவரை அரசு அதைச் சோதிப்பதில்லை, மீட்டர் அளவைப் பொதுவில் வைப்பதுமில்லை. ஆகவே நிறுவன சர்வீஸ் மையத்தின் பதிவுகளே பெரும்பாலும் ஒரே சாட்சி. ஒரு சர்வீஸில் 72,000 என்று பதிவான கார் அடுத்த ஆண்டு 48,000 காட்டினால், வேறு ஆராய்ச்சி வேண்டாம். சர்வீஸ் வரலாறு "தொலைந்துபோயிற்று" என்ற பதிலையும் ஒரு தகவலாகவே கொள்ள வேண்டும். மஞ்சள் பலகையோடு டாக்ஸியாக ஓடி, பிறகு 'ஓன் போர்டு' ஆன வண்டிகளுக்கு இது இன்னும் பொருந்தும்.

வெள்ளத்தில் மூழ்கிய கார்களின் கதையும் இதுவே. 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் சென்னையில் நீரில் மூழ்கிய கார்கள் ஏராளம். பழுது பார்க்கும் செலவு காப்பீட்டு மதிப்பில் 75 விழுக்காட்டைத் தாண்டினால் அதை முழு இழப்பாகக் கணக்கிட்டு, இன்சூரன்ஸ் நிறுவனம் பணத்தைத் தந்துவிடும். வண்டி ஏலத்துக்குப் போகும். நிரந்தரமாகப் பயனற்றுப்போன வாகனத்தின் பதிவை ரத்து செய்ய 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்று 55ஆவது பிரிவு சொன்னாலும், ஏலத்தில் போன வண்டி மெருகேறி வேறு ஊரில் சந்தைக்கு வருவது நடக்கிறது. சீட் மாற்றி, கார்ப்பெட் மாற்றி, ஒயரிங்கைத் துடைத்துவிட்டால் முதல் நாள் ஓட்டத்தில் எந்த மெக்கானிக்கும் ஏமாறலாம். அந்தக் கிளெய்ம் நடந்த தடயத்தைப் பாலிசி வரலாறும் சர்வீஸ் மையப் பதிவும்தான் காட்டும்.

அடுத்து, வெளிமாநில வண்டி மலிவு என்ற கருத்து. டெல்லியில் 10 ஆண்டு கடந்த டீசல் வண்டிகளுக்கும் 15 ஆண்டு கடந்த பெட்ரோல் வண்டிகளுக்கும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தடை போட்டது. 2018இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. அங்கே மதிப்பிழந்த பெரிய கார்கள் தெற்கே வந்து 'டெல்லி வண்டி' என்ற பெயரில் விற்பனையாகின. விலை குறைவுதான், கணக்கு அதோடு முடிவதில்லை. பழைய மாநிலத்தில் 28ஆம் எண் படிவத்தில் தடையின்மைச் சான்று வாங்க வேண்டும். 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் 47ஆவது பிரிவுப்படி தமிழ்நாட்டுப் பதிவெண் வாங்க வேண்டும். அதற்கு இங்கே சாலை வரி கட்ட வேண்டும். 2023 நவம்பர் முதல் தமிழ்நாட்டில் புதுக் காருக்கான வாழ்நாள் வரி, 5 லட்சம் ரூபாய் வரையிலான காருக்கு 12 விழுக்காடு, 10 லட்சம் வரை 13, 20 லட்சம் வரை 18, அதற்கு மேல் 20. பழைய காருக்கு வயதைப் பொறுத்து இது குறையும் என்றாலும், சொகுசுக் காருக்கு அந்தத் தொகை பேரத்தில் கிடைத்த லாபத்தை விழுங்கிவிடும். பழைய மாநிலத்தில் கட்டிய வரியில் எஞ்சியதைத் திரும்பக் கேட்கலாம். அது தனி விண்ணப்பம், தனி அலைச்சல். புதுச்சேரிப் பதிவு வண்டிக்கும் இதே கணக்குதான்.

வயதான உள்ளூர் வண்டிக்கும் கணக்கு உண்டு. 15 ஆண்டு கடந்த காரின் பதிவைப் புதுப்பிக்க 2022 ஏப்ரல் 1 முதல் 5,000 ரூபாய். 2025 ஆகஸ்டில் வந்த திருத்தப்படி 20 ஆண்டு கடந்த காருக்கு 10,000 ரூபாய். இதோடு மாநிலப் பசுமை வரியும் சேரும். பதிவு முடிய ஆறு மாதமே உள்ள காரை விலை பேசும்போது இதைக் கழிக்காதவர், பிறகு தம் கையிலிருந்து கொடுப்பார்.

கட்டணம் பற்றிய பொதுக்கருத்து இரண்டு நேரெதிர்ப் பிழைகளைக் கொண்டது. அரசுக் கட்டணம் பெரிய சுமை என்பது ஒன்று. புரோக்கர் கேட்பதெல்லாம் அரசுக் கட்டணம் என்பது மற்றொன்று. மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி காரின் பதிவுக் கட்டணம் 600 ரூபாய். பெயர் மாற்றத்துக்கு அதில் பாதி, அதாவது 300 ரூபாய். புதுக் கடனை ஆர்.சி.யில் ஏற்ற 1,500 ரூபாய். அட்டைக்கும் மாநிலச் சேவைக்கும் சில நூறு ரூபாய் சேரும். இதற்கு மேல் ஆயிரக்கணக்கில் கேட்கப்படுவது புரோக்கரின் கூலி. கூலி கொடுப்பது தவறல்ல. அதை வரி என்று நம்பிக் கொடுப்பதுதான் ஏமாளித்தனம்.

ஜி.எஸ்.டி. குறித்தும் இதே குழப்பம். 2024 டிசம்பரில் ஜெய்சல்மேரில் கூடிய ஜி.எஸ்.டி. மன்றம் பழைய கார்களுக்கு ஒரே சீராக 18 விழுக்காடு என்று பரிந்துரைத்ததும், பழைய கார் விலையில் 18 விழுக்காடு கூடிவிட்டதாகப் பேச்சு கிளம்பியது. அந்த வரி ஜி.எஸ்.டி. பதிவுள்ள வியாபாரிக்கே உரியது. அதுவும் அவருடைய லாபத்தின்மீது மட்டும். 4 லட்சத்துக்கு வாங்கிய காரை 4,50,000க்கு விற்கும் வியாபாரிக்கு வரி 50,000த்தின்மீது 9,000 ரூபாய். தனிநபர் தனிநபருக்கு விற்றால் வரியே இல்லை. முழு விலைக்கும் 18 விழுக்காடு கேட்கும் பில் கணக்குப் பிழையாகவோ மோசடியாகவோதான் இருக்க முடியும்.

கடைசியாக, எதிர்த்தரப்பின் வலுவான வாதம் ஒன்று உண்டு: இத்தனையும் பார்த்துக்கொண்டிருந்தால் நல்ல வண்டி கைநழுவிவிடும், பதிவேட்டிலும் பிழைகள் இருக்கின்றன, நம்பிக்கையான வியாபாரியிடம் வாங்கினால் இதெல்லாம் தேவையில்லை. பதிவேட்டில் பிழை இருப்பது உண்மை. பழைய தரவு ஏறாத வண்டிகளும், தீர்ந்த கடன் நீங்காத வண்டிகளும் உண்டு. ஆனால் அந்தப் பிழையைத் திருத்தித் தர வேண்டியவர் பணம் வாங்குவதற்கு முன்னிருக்கும் விற்பவர். பணம் கொடுத்த பிறகு அது வாங்கியவரின் பிழையாகிவிடுகிறது. வியாபாரி மீதான நம்பிக்கைக்கும் 2023 ஏப்ரல் 1 முதல் ஓர் அளவுகோல் வந்திருக்கிறது. பழைய வண்டி வியாபாரிகள் பதிவு அதிகாரியிடம் அங்கீகாரம் பெற வேண்டும், உரிமையாளர் வண்டியை ஒப்படைத்ததை 29சி படிவத்தில் தெரிவித்த பிறகு வியாபாரியே உரிமையாளராகக் கருதப்படுவார், பொறுப்பும் அவருடையதாகும். அங்கீகாரச் சான்றைக் காட்டத் தயங்கும் வியாபாரியை நம்புவதற்கு என்ன அடிப்படை என்பதை அந்த வாதம் விளக்குவதில்லை. நேரம் என்ற வாதமும் நிற்காது: பரிவாகன் பதிவு, இ-சலான் நிலுவை, திருட்டு வாகனப் பதிவு ஆகிய மூன்றையும் பார்க்க ஒரு மாலைப்பொழுது போதும். அதற்குள் விற்றுப்போகும் என்று அவசரப்படுத்துகிறவர், அந்த மாலைப்பொழுதில் என்ன தெரியவரும் என்பதை அறிந்தவராகவும் இருக்கலாம்.

ஆகவே வரிசை இப்படி அமைய வேண்டும். முதலில் வண்டி எண்ணைக் கொண்டு பதிவேட்டையும் நிலுவை அபராதத்தையும் திருட்டுப் பதிவையும் பார்ப்பது. அடுத்து கடன் நீக்கச் சான்று, பாலிசி, சர்வீஸ் வரலாறு ஆகியவற்றைச் சரிபார்ப்பது. மூன்றாவதாக வண்டியின் சேஸிஸ், எஞ்சின் எண்களை ஒப்பிடுவது. இவை தேறிய பிறகே மெக்கானிக். அவர் சொல்லும் பழுதுச் செலவோடு வரி, புதுப்பிப்பு, பாலிசி மாற்றம், பெயர் மாற்றம் ஆகியவற்றின் கட்டணங்களையும் கழித்து விலை பேச வேண்டும். முழுப் பணமும் ஒரே நாளில் கைமாறக் கூடாது. ஒரு பகுதியைப் பெயர் மாற்றம் பதிவேட்டில் ஏறும்வரை நிறுத்திவைத்து, அதை எழுத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும். வங்கி வழியாகப் பணம் செலுத்தி, வண்டியை ஒப்படைத்த தேதியும் நேரமும் குறித்த ரசீது வாங்க வேண்டும். அந்த நேரத்துக்கு முந்தைய அபராதம் விற்றவருடையது, பிந்தையது வாங்கியவருடையது என்று பிரிக்க அது உதவும். விற்பவரின் ஃபாஸ்டேக்கை அவர் முடித்துக்கொள்ள, வாங்கியவர் புதிதாக எடுக்க வேண்டும். பதிவேட்டில் புதுப் பெயர் ஏறி, பாலிசியிலும் அதே பெயர் வந்த பிறகுதான் அந்தக் கார் வாங்கப்பட்டதாகிறது.